வரியும் இல்லை, வழியும் இல்லை

2021 மார்ச் 5 அன்று கென்யாவின் வேளாண் உணவு ஆணையம் தன் நாட்டுச் சுங்கத்துறைக்கு ஒரு கடிதம் எழுதியது. உகாண்டாவிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் வரும் மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கிறது, ஆகவே அதை இனி உள்ளே விட வேண்டாம் என்பதே கடிதத்தின் சாரம். மூன்று நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் உறுப்பினர்கள். அவற்றுக்கிடையே 2005 முதல் சுங்க ஒன்றியமும் 2010 முதல் பொதுச் சந்தையும் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்றியத்துக்குள் விளைந்த மக்காச்சோளத்துக்கு வரி கிடையாது. நச்சின் அளவுக்குக்கூட மூவரும் ஏற்ற ஒரே அளவுகோல் இருந்தது: கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் தடை விலக்கப்பட்டு, இறக்குமதியாளர் பதிவு, விளைந்த இடம் பற்றிய சான்று, நச்சு அளவு பற்றிய சான்று ஆகிய நிபந்தனைகள் அதன் இடத்தில் வந்தன.

அண்டை நாடுகளுக்கு இடையிலான வேளாண் வணிகத்தைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்தக் கடிதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வணிகம் தழைக்க என்னென்ன வேண்டும் என்று அறிக்கைகள் பட்டியலிடுமோ அவை பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருந்தன. வரி நீங்கியிருந்தது, தரம் ஒன்றாக்கப்பட்டிருந்தது, பொதுவான சட்டமன்றமும் நீதிமன்றமும்கூட இருந்தன. இருந்தும் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதிய ஒரு கடிதம் போதுமானதாயிற்று. வரியைக் குறைப்பதே வணிகத்தைத் திறப்பது என்று நம்புகிறவர்கள் இந்த நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த நச்சு வெறும் சாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அறுவடைக்குப் பின் நன்றாக உலராத தானியத்தில் வளரும் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் கல்லீரலைத் தாக்கக்கூடியது. 2004-இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் அதனால் 317 பேர் நோயுற்று, அவர்களில் 125 பேர் இறந்தனர். ஆனால் அவர்கள் உண்ட மக்காச்சோளம் எல்லை தாண்டி வந்ததன்று. அந்தப் பகுதியிலேயே விளைந்து, ஈரம் போகாமல் வீடுகளில் சேமித்து வைக்கப்பட்டது. அதாவது நச்சின் பிறப்பிடம் உலர்களமும் சேமிப்புக் கிடங்கும். எல்லைச் சாவடி அன்று. உள்நாட்டுத் தானியத்தின் பெரும்பகுதி எந்தச் சோதனையும் இன்றி ஆலைக்குப் போகிறபோது, அயல்நாட்டு லாரியை மட்டும் நிறுத்திச் சோதிப்பது மக்களின் நலத்தை அரைகுறையாகவே காக்கும்.

சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த நச்சு ஒரு சுமை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளில் மிகச் சிலவற்றில் மட்டும் அது அடர்ந்து கிடக்கும். குத்தூசி எந்த மூட்டையில், எந்த மூலையில் இறங்கியது என்பதைப் பொறுத்து ஒரே லாரியின் இரண்டு மாதிரிகள் இரண்டு விடைகளைத் தரலாம். அனுப்பும் நாட்டின் ஆய்வகம் தேறியதாகச் சொன்ன சரக்கைப் பெறும் நாட்டின் ஆய்வகம் தள்ளிவிட்டால், இருவரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாதிரி எடுக்கும் முறையும் அளவும் பொதுவாக்கப்பட்டு, ஒருவர் ஆய்வகத்தை மற்றவர் ஏற்றுக்கொண்டாலன்றி, தர அளவுகோல் ஒன்றாக இருப்பதால் மட்டும் பயனில்லை. 1995-இல் உலக வர்த்தக அமைப்புடன் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தாவர, விலங்கு நல ஒப்பந்தம், ஏற்றுமதி செய்யும் நாட்டின் நடைமுறை அதே பாதுகாப்பைத் தருகிறது என்று காட்டப்பட்டால் அதைச் சமமானதாக ஏற்கும்படி நாடுகளைக் கேட்கிறது. பணக்கார நாடுகளின் ஆய்வுச் சான்றை மறுபேச்சின்றி ஏற்கும் பல அரசுகள், பக்கத்து நாட்டின் சான்றை மட்டும் ஐயத்தோடு புரட்டிப் பார்க்கின்றன.

நேபாளத்தின் இஞ்சிக்கும் தேயிலைக்கும் இதே கதைதான். இந்தியாவுடன் அந்நாட்டுக்கு வணிக உடன்படிக்கை உண்டு. வேளாண் விளைபொருள்களுக்கு வரிச்சலுகையும் உண்டு. ஆயினும் நேபாள எல்லை ஊரான காக்கர்பிட்டா வழியாக வரும் இஞ்சி தாவர நோய்த்தடுப்புச் சோதனையின் பெயரால் பலமுறை நின்றிருக்கிறது. அருகில் ஆய்வகம் இல்லாதபோது தேயிலை மாதிரிகள் தொலைவிலுள்ள நகரத்துக்குப் போய், முடிவு திரும்பும்வரை சரக்கு காத்துக் கிடக்க நேர்கிறது. தேயிலை காத்திருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். இஞ்சி முளைவிடும் அல்லது அழுகும். அறிக்கைகள் இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதிவிடுகின்றன. விளைவித்தவனுக்கு அவை ஒன்றல்ல.

சோதனையைத் தாண்டினால் அடுத்தது வண்டி. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான பெத்ராபோல்–பெனாபோல் எல்லையைக் கடக்க 138 மணி நேரம் ஆவதாகவும், அதில் 28 மணி நேரம் ஒரு லாரியிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கை மாற்றவே கழிவதாகவும், கிழக்கு ஆப்பிரிக்கா உள்ளிட்ட பிற இடங்களில் ஏறக்குறைய அதே அளவு சரக்கைக் கையாளும் எல்லைகளில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆவதாகவும் உலக வங்கி 2021-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு வங்கதேசத்துடன் வணிகம் செய்வதைவிடப் பிரேசிலுடனோ ஜெர்மனியுடனோ செய்வது சுமார் 15 முதல் 20 விழுக்காடு மலிவு என்ற கணக்கும் அதே ஆய்வில் இருக்கிறது. ஒரு நாட்டின் லாரி மறு நாட்டுக்குள் போக வழிசெய்யும் உடன்படிக்கையில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்திட்டன. அயல்நாட்டு வண்டிகள் பெருகினால் தன் சிறிய நாட்டின் சூழலும் லாரி உரிமையாளர்களின் பிழைப்பும் கெடும் என்ற அச்சத்தால் பூடானின் மேலவை அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த அச்சம் நியாயமற்றதாகத் தோன்றவில்லை. சிறிய அண்டை நாடுகளின் தயக்கத்தை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்குகிற கட்டுரைகள் பெரும்பாலும் பெரிய நாடுகளில்தான் எழுதப்படுகின்றன.

லாரித் தொழிலுக்குள்ளேயே அரசு போட்ட வேலிகளும் இருக்கின்றன. கடற்கரை இல்லாத சாட் நாட்டுக்குக் கேமரூனின் துவாலா துறைமுகத்திலிருந்து போகும் சரக்கில் 65 விழுக்காடு சாட் நாட்டு லாரிகளுக்கும் 35 விழுக்காடு கேமரூன் லாரிகளுக்கும் என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. முறை வைத்துச் சரக்கு ஒதுக்கப்படுவதால், நல்ல வண்டி வைத்திருப்பவருக்கும் ஓட்டை வண்டி வைத்திருப்பவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. வாடகை உயர்கிறது, அந்த வாடகையைத் தாங்குவது கிலோவுக்குச் சொற்ப விலை பெறும் தானியமும் காய்கறியும்தான். மின்னணுப் பொருளின் விலையில் லாரி வாடகை கண்ணுக்கே தெரியாது. மக்காச்சோளத்தின் விலையில் அது பெரும்பங்கு. போன வண்டி திரும்பும்போது ஏற்றிக்கொள்ள எதுவும் இல்லையென்றால் வெறும் வண்டி திரும்பும் செலவும் அந்தச் சோளத்தின் தலையில்தான் விழும். வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் ரசீது இல்லாமல் கைமாறும் மாமூலைப் பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை. அழுகும் சரக்கை ஏற்றிய வண்டியிடம் அதிகம் கறக்கலாம் என்பதைச் சாவடியில் நிற்பவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

புள்ளிவிவரங்களுக்குள் வராத வணிகர்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டார நாடுகளில் எல்லை தாண்டிச் சில்லறையாக விற்பவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் பெண்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ருவாண்டாவின் ருபாவுவுக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமாவுக்கும் இடையே நாள்தோறும் காய்கறியும் மாவும் தலைச்சுமையாகப் போய்வருகின்றன. இப்படிப்பட்டவர்களுக்காகக் கிழக்கு மற்றும் தென் ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையான கோமெசா, எளிமைப்படுத்திய வணிக முறை ஒன்றை வகுத்தது. குறிப்பிட்ட டாலர் மதிப்புக்கு உட்பட்ட சுமை, இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ள பொருள், எல்லையிலேயே நிரப்பித் தரும் எளிய பிறப்பிடச் சான்றிதழ். இவை இருந்தால் வரி இல்லை. தொடக்கத்தில் 500 டாலராக இருந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது.

நல்ல திட்டம்தான். ஆனால் அது வரிக்கு மட்டுமே விலக்குத் தருகிறது. தாவர நலச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி, சில இடங்களில் உள்ளாட்சிக் கட்டணம் ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை. அந்தச் சான்றிதழ் தலைநகரிலோ மாகாணத் தலைமையிடத்திலோ மட்டும் கிடைக்குமானால், இரண்டு கூடை தக்காளிக்காக ஒரு பெண் அங்கே போய்வருவாள் என்று எதிர்பார்ப்பது கேலிக்கூத்து. அவள் சாவடிக்கு அப்பால் உள்ள ஒற்றையடிப் பாதையில் நடப்பாள், அல்லது சாவடியில் நிற்பவருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவாள். இரண்டும் நீண்ட சான்றிதழ் வழியைவிட மலிவு. இதைக் கடத்தல் என்று சட்டம் அழைக்கிறது. பெரிய வணிகர்களில் சிலரும் தங்கள் லாரிச் சுமையை எல்லைக்கு முன்பே இறக்கி, சிறு சிறு மூட்டைகளாக மிதிவண்டிகளிலும் தலைச்சுமையிலும் கடக்க வைத்து, அப்பால் மீண்டும் லாரியில் ஏற்றுகிறார்கள். அவ்வளவு கூலி கொடுத்தும் அது கட்டுபடியாகிறதென்றால், நேர்வழி எவ்வளவு செலவுள்ளது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாக நான் கருதுவது ஏற்றுமதித் தடை. இறக்குமதியைத் தடுக்கும் அரசு தன் உழவரைக் காப்பதாகச் சொல்கிறது. ஏற்றுமதியைத் தடுக்கும் அரசு தன் நுகர்வோரைக் காப்பதாகச் சொல்கிறது. இரண்டாவதைத் தட்டிக் கேட்க ஆளில்லை. உலக வணிக விதிகளின் அடிப்படையான காட் உடன்படிக்கையின் பதினோராம் பிரிவு ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைப் பொதுவாக விலக்கினாலும், உணவுப் பொருளின் கடும் பற்றாக்குறையைத் தவிர்க்கத் தற்காலிகமாகத் தடுக்கலாம் என்கிறது. தற்காலிகம் என்றால் எத்தனை மாதம், கடும் பற்றாக்குறை என்றால் எவ்வளவு என்று அங்கே வரையறை இல்லை. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவு, தடுப்பதற்கு முன் அறிவிக்க வேண்டும், வாங்கும் நாட்டின் உணவுத் தேவையைக் கருத வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் அந்தப் பொருளை நிகர அளவில் ஏற்றுமதி செய்யும் நாடாக இருந்தாலன்றி, வளரும் நாடுகளை அது கட்டுப்படுத்தாது.

2019 செப்டம்பர் 29 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த வாரம் டெல்லிக்கு வந்திருந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, தன் சமையல்காரரிடம் வெங்காயம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே குறிப்பிட்டு, முன்பே தெரிவித்திருந்தால் வேறிடத்தில் வாங்கியிருப்போம் என்றார். தடையே கூடாது என்று அவர் சொல்லவில்லை, முன்னறிவிப்பைத்தான் கேட்டார். அந்த நவம்பரில் வங்கதேசம் வெங்காயத்தை விமானத்தில் வரவழைத்தது. 2020 செப்டம்பர் 14 அன்று மீண்டும் அதே போன்ற தடை வந்தது. 2023 டிசம்பரில் இன்னொன்று. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, 2024 செப்டம்பர் வரை தடை நீடித்தது. இடையில் தேவைப்பட்ட நாடுகளுக்கு அரசின் தனி அனுமதியுடன் அளவு ஒதுக்கப்பட்டது; நேபாளத்துக்கு 95,000 டன் கிடைத்தது. நேபாளத்துக்கு அரிசி போனதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். உரிமையாக இருந்தது சலுகையாக மாறியது என்பதே குறை. சலுகையை நம்பி எந்த வணிகரும் கிடங்கு கட்ட மாட்டார்.

தடைக்கு விலை கொடுப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். அறுவடை வரும் நேரத்தில் ஏற்றுமதி நின்றால் விலை சரிகிறது. பெரிய வணிகர் வாங்கிக் கிடங்கில் வைத்துக் காத்திருப்பார், சிறு உழவர் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு குறைவாக விதைப்பார். வாங்கும் நாடும் பாடம் கற்றுக்கொள்கிறது. 2014-க்குப் பின் இந்திய எல்லையில் மாடுகள் கடப்பது கடுமையாகத் தடுக்கப்பட்டதும் வங்கதேசம் உள்நாட்டில் மாடு வளர்ப்பை ஊக்குவித்து, சில ஆண்டுகளில் தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்டது. அது அந்நாட்டுக்கு நல்லதாகவே முடிந்தது. ஆனால் எல்லாப் பயிருக்கும் இப்படிச் செய்ய முடியாது. செய்ய முயலும் நாடு தன் மண்ணுக்கு ஒவ்வாததையும் மானியம் கொடுத்து விளைவிக்கும்.

இயற்கையோ எதிர்த்திசையில் பேசுகிறது. எல் நினோ ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் தெற்கில் மழை பொய்ப்பதும், அதே பருவத்தில் கிழக்கில் மிகுதியாகப் பெய்வதும் அடிக்கடி நிகழ்வன. 2024-இல் சாம்பியாவும் மலாவியும் ஜிம்பாப்வேயும் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தபோது, தான்சானியாவில் விற்பதற்குத் தானியம் இருந்தது, சாம்பியாவுக்கு 6.5 லட்சம் டன் மக்காச்சோளம் தர அரசுகளுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. இதே தான்சானியா 2017-இல் மக்காச்சோள ஏற்றுமதியைத் தடுத்திருந்தது. ஒருவர் களஞ்சியம் நிறைகிற ஆண்டில் அடுத்தவர் களஞ்சியம் வெறுமையாகிற அமைப்பு, இரு பக்கமும் கதவைத் திறந்து வைத்தால் காப்பீட்டுக்கு நிகரானது. ஆனால் தேவைப்படும் ஆண்டில்தான் கதவு மூடும் என்று இருவரும் எதிர்பார்ப்பதால், ஒவ்வொருவரும் தத்தம் களஞ்சியத்தைத் தனித்தனியே நிரப்பிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

அரசுகள்மேல் முழுப் பழியையும் போட நான் தயாராக இல்லை. விலை ஏறிய வாரத்தில், தானியம் ஏற்றிய லாரிகள் எல்லையை நோக்கிப் போவதைப் பத்திரிகைப் படத்தில் பார்க்கும் மக்களுக்கு, திறந்த சந்தையின் நீண்டகால நன்மையை எந்த அமைச்சராலும் விளக்க முடியாது. 2007 அக்டோபரில் இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது உலகச் சந்தை கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த மாதம் சிதர் புயல் தாக்கிய வங்கதேசத்துக்கு 5 லட்சம் டன் அரிசி தருவதாக வாக்களிக்கப்பட்டது; விலைப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. வாக்களித்தவர்கள் தீய எண்ணத்தோடு அப்படிச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. நெருக்கடி வந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே விதியை நல்ல ஆண்டில் எழுதிவைக்க வேண்டும். இருப்பு எந்த அளவுக்குக் கீழே போனால், உள்நாட்டு விலை எந்த அளவுக்கு மேலே ஏறினால் கட்டுப்பாடு வரும் என்பதை முன்பே வெளியிடலாம். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே சில வாரங்கள் விடலாம். கையெழுத்தான ஒப்பந்தங்களையும் வழியில் உள்ள லாரிகளையும் தடையிலிருந்து விலக்கலாம். முழுத் தடைக்குப் பதிலாக, அண்டை நாடு கடந்த ஆண்டுகளில் சராசரியாக வாங்கியதில் ஒரு பங்கை எந்நிலையிலும் அனுப்புவதாக உறுதி கூறலாம். இப்படி விலக்கு வைப்பது நடவாத காரியம் அல்ல: 2022 ஜூனில் உலக வர்த்தக அமைப்பின் பன்னிரண்டாம் அமைச்சர் மாநாடு, உலக உணவுத் திட்டம் மனிதநேய உதவிக்காக வாங்கும் உணவுக்கு ஏற்றுமதித் தடை போடுவதில்லை என்று முடிவு செய்தது. நிவாரணத்துக்குத் தரக்கூடிய உறுதியை விலை கொடுத்து வாங்கும் அண்டை நாட்டுக்குத் தர முடியாதா?

பொதுக் களஞ்சியம் என்ற மாற்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. 2007-இல் உடன்படிக்கையான சார்க் உணவு வங்கியில் பல லட்சம் டன் தானியம் இருப்பதாகக் கணக்கு. அந்தத் தானியமோ ஒவ்வொரு நாட்டின் கிடங்கிலும் அந்தந்த நாட்டின் பொறுப்பிலேயே கிடக்கிறது. விலையும் நிபந்தனையும் கேட்கும் நேரத்தில் பேசித் தீர்க்க வேண்டியவை. மிக அரிதாகவே அது எடுத்துப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

பணம் கொடுக்கல் வாங்கலைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். பக்கத்து நாட்டுச் சோளத்துக்கு டாலரில் விலை கொடுக்க வேண்டியிருப்பதும், அந்த டாலர் தட்டுப்பாடாக இருப்பதும் பல எல்லைகளில் வணிகத்தை முடக்குகின்றன. ஆப்பிரிக்காவில் 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட அனைத்து ஆப்பிரிக்கப் பணப்பட்டுவாடா அமைப்பு உள்நாட்டு நாணயங்களிலேயே கணக்குத் தீர்க்க முயல்கிறது. சிறு வணிகர்வரை அது எட்டுமா என்பதை வங்கிகளின் கட்டணம்தான் முடிவு செய்யும்.

ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி 2021 ஜனவரி 1 அன்று வணிகத்தைத் தொடங்கியது. ஆனால் 2025 மார்ச்சில் மலாவி சில வேளாண் பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியது; தென்னாப்பிரிக்கா தான்சானியாவின் வாழைப்பழத்தைப் பல ஆண்டுகளாகவே உள்ளே விடவில்லை. ஏப்ரலில் தான்சானியா பதிலடியாக அவ்விரு நாடுகளின் வேளாண் பொருள்கள் அனைத்தையும் தடுத்தது. கடற்கரையற்ற மலாவிக்குத் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் இன்றியமையாதது. சில நாட்களிலேயே பேச்சு தொடங்கியது, தான்சானியா தன் தடையை விலக்கிக்கொண்டது. பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த வாழைப்பழ வழக்கு ஒரு வாரத்தில் பேச்சு மேசைக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது கண்டம் முழுமைக்குமான ஒப்பந்தமோ அதன் தகராறுத் தீர்ப்பு முறையோ அல்ல, பதிலடிதான்.